உறக்கமும் இரத்தக் கொதிப்பும்: ஓர் ஆராய்ச்சியின் வரலாறு

லண்டன் மாநகரில், பாராளுமன்றத்துக்கு அருகே, வைட்ஹால் என்றொரு தெரு இருக்கிறது. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பெரிய அலுவலகங்கள் பலவும் அத்தெருவிலும் அதனைச் சுற்றியும் அமைந்திருப்பதால், அப்பெயரே அந்நாட்டு அரசாங்க ஊழியர் கூட்டத்தைக் குறிக்கும் பெயராகவும் வழங்கி வருகிறது. மருத்துவ உலகில் அப்பெயருக்கு வேறொரு புகழும் உண்டு. 1967-ஆம் ஆண்டில் டொனால்டு ரீட், ஜெஃப்ரி ரோஸ் என்னும் அறிஞர்கள், அங்கே பணிபுரிந்த ஏறத்தாழ 18,000 ஆண்களைப் பரிசோதிக்கத் தொடங்கினர். அவர்களுடைய வாழ்வும் சாவும் பின்னர் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட்டு வந்தன. உயர்ந்த பதவியில் இருப்போருக்குப் பொறுப்பு மிகுதி, கவலை மிகுதி. ஆதலால் இதயநோயும் அவர்களுக்கே மிகுதி என்று அக்காலத்தில் பலர் எண்ணியிருந்தனர். 1978-இல் வெளிவந்த கணக்கு அவ்வெண்ணத்தைத் தலைகீழாக்கிற்று. கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த வீதம், தலைமை அதிகாரிகள் இறந்த வீதத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது.

அந்த முதல் ஆராய்ச்சியில் பெண்களுக்கு இடமில்லை. 1985 முதல் 1988 வரை மைக்கேல் மார்மட் என்பவரும் அவருடைய குழுவினரும் இரண்டாவது கூட்டம் ஒன்றைத் திரட்டினர். இருபது அரசாங்க இலாகாக்களில் பணியாற்றிய, 35 முதல் 55 வயது வரையிலான 10,308 பேர் அதில் சேர்ந்தனர். அவர்களுள் 3,413 பேர் பெண்கள். இந்த இரண்டாம் கூட்டத்தாரின் உறக்கத்தைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் 2007-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆராய்ச்சியின் முடிவைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். செய்தித்தாள்கள் அப்படித்தான் செய்கின்றன. “உறக்கம் குறைந்தால் இரத்தக் கொதிப்பு வரும்” என்று ஒரு வரி அச்சாகிறது. பரீட்சைக்காக விடிய விடிய விளக்கேற்றி வைத்திருக்கும் மாணவனும், மில்லில் இரவு முறை பார்க்கும் தொழிலாளியும், நோயாளியின் கட்டிலருகே கண்விழிக்கும் தாதியும் அதைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு அது செய்தியாக மட்டும் படுவதில்லை, எச்சரிக்கையாகவே படுகிறது. அத்தகைய வரி ஒன்று எந்தக் கணக்கிலிருந்து பிறந்தது, அந்தக் கணக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது வீண் வேலையன்று.

முதலில் சிறிது பழங்கதை. இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்து நூலில் எழுதி வைத்தவர் ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். ஒரு குதிரையின் தொடை நாடியில் குழாயைச் செருகி அதனோடு நீண்ட கண்ணாடிக் குழலைப் பொருத்தினார். குருதி எட்டடி மூன்றங்குல உயரம் எழும்பிற்று. இதை அவர் 1733-இல் வெளியிட்டார். மனிதர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து அளக்கும் முறையை இத்தாலியரான ரீவா ரோச்சி 1896-இல் தந்தார். நாடியின் ஓசையைக் குழலால் கேட்டு இரண்டு எண்களையும் குறிக்கும் முறை, 1905-இல் ரஷ்யரான கொரட்காஃப் கண்டது. உறங்கும்போது இந்த அழுத்தம் தாழ்கிறது என்பதை லெனார்டு ஹில் என்னும் ஆங்கிலேயர் 1898-இலேயே எழுதினார். நாடியிலிருந்தே இரவும் பகலும் இடைவிடாது பதிவு செய்யும் கருவியை ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் 1960-களில் பயன்படுத்தியபோது, அந்தத் தாழ்வு கோடாகவே காகிதத்தில் தெரிந்தது. பகலெல்லாம் உழைக்கும் நாடிகளுக்கு இரவே ஓய்வு. 1988-இல் டப்ளின் நகர மருத்துவர்கள் மற்றொன்றைக் கவனித்தனர். இரவில் அழுத்தம் தாழாத நோயாளிகளிடம், பக்கவாதம் கண்ட வரலாறு மிகுதியாக இருந்தது.

ஆகவே, இரவு ஓய்வு குறுகினால் நாளடைவில் அழுத்தம் உயர்ந்தே நிலைத்துவிடுமோ என்று ஐயுறுவது இயல்பே. ஐயம் வேறு, சான்று வேறு.

2006-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேங்விஷ் என்பவரும் பிறரும், தேசிய உடல்நலக் கணிப்பு ஒன்றில் கலந்துகொண்ட 4,810 பேருடைய விவரங்களை ஆராய்ந்தனர். 1982 முதல் 1984 வரை அவர்களிடம் உறங்கும் நேரம் கேட்கப்பட்டது; பிறகு 8 முதல் 10 ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். 32 முதல் 59 வயதினருள், இரவில் ஐந்து மணியோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு இரத்தக் கொதிப்பு கண்டது. ஏழு அல்லது எட்டு மணி உறங்கியவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கே கண்டது. இரட்டிப்பு என்று சொல்லிவிடலாம். முதியவர்களிடத்தில் அந்த வேறுபாடு தெரியவில்லை.

ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. யார் யாருக்கு நோய் கண்டது என்பது எப்படித் தெரிந்தது? மருத்துவர் சொன்னதாக அவரவர் கூறியதையும், மருத்துவமனைப் பதிவுகளையும், இறப்புச் சான்றுகளையும் கொண்டே முடிவு செய்யப்பட்டது. இரத்தக் கொதிப்போ ஓசையின்றி வரும் நோய். மருத்துவரிடமே போகாதவன் கணக்கில் நலமுடையவனாக நிற்பான். உறக்கம் வராமல் அல்லற்படுகிறவன் அடிக்கடி மருத்துவரிடம் செல்வான். சென்றவிடத்தில் கையில் பட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள். அவனுக்கு நோய் அதிகமா, அவனுடைய நோய் வெளிப்படுவது அதிகமா என்று பிரித்தறிவது கடினம்.

லண்டன் ஆராய்ச்சி இந்தக் குறையைத் தீர்த்தது. வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்செஸ்கோ கப்பூச்சியோவும் அவருடைய தோழர்களும், வைட்ஹால் ஊழியர்களின் அழுத்தம் நேரில் அளக்கப்பட்ட பதிவுகளைக் கொண்டு வேலை செய்தனர். ஊழியரை ஐந்து நிமிடம் அமரவைத்து, ஓய்ந்த பிறகு, இருமுறை அளந்திருந்தார்கள். மேலெண் 140, கீழெண் 90. இவற்றை எட்டியவரும், ஏற்கெனவே மருந்து உண்பவரும் நோயுடையவராகக் கொள்ளப்பட்டனர். 1997 முதல் 1999 வரை நடந்த பரிசோதனையில் 5,766 பேர் கணக்கில் வந்தனர். அன்று நோயில்லாதிருந்த 3,691 பேரைச் சராசரி ஐந்தாண்டு கழித்து மீண்டும் பார்த்ததில் 740 பேருக்கு, அதாவது ஐவரில் ஒருவருக்கு, நோய் புதிதாகக் கண்டிருந்தது.

இப்போது முடிவுகளுக்கு வருவோம். முதல் பரிசோதனையில், அதாவது உறக்கத்தையும் அழுத்தத்தையும் ஒரே காலத்தில் வைத்துப் பார்த்தபோது, ஐந்து மணிக்கு மேல் உறங்காத பெண்களின் நோய் வாய்ப்பு, ஏழு மணி உறங்கும் பெண்களின் வாய்ப்பைப் போல் 2.01 மடங்கு. ஆண்களிடத்தில் தொடர்பே காணவில்லை.

இந்த “மடங்கு” என்பதில் ஒரு நுட்பம் உண்டு. இது நோயுற்றோரை மொத்தத் தொகையோடு ஒப்பிட்ட கணக்கன்று; நோயுற்றோரை நோயுறாதோரோடு ஒப்பிட்ட கணக்கு. நூறு பேரில் 20 பேருக்கு நோய் என்றால், 80 பேருக்கு இல்லை. ஒன்றுக்கு நான்கு என்னும் விகிதம். இது இரட்டிப்பானால் ஒன்றுக்கு இரண்டு ஆகும். அப்போது நூறு பேரில் நோயுறுவோர் 40 பேர் அல்லர், 33 பேரே. நோய் அருகிக் காணப்படும்போது இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றே. இரத்தக் கொதிப்பைப் போல் பெருவழக்காயுள்ள நோயில், “இரட்டிப்பு” என்று எழுதும் நிருபர் உண்மையைச் சற்று ஊதிப் பெருக்குகிறார்.

அந்த 2.01-க்கு அருகே 1.13 முதல் 3.58 வரை என்றொரு வரம்பும் தரப்பட்டிருக்கிறது. கணக்கில் வந்த ஆட்கள் குறைவாயின் தற்செயலின் ஆட்டம் மிகும். அந்த ஆட்டத்துக்கு இடங்கொடுத்துச் சொல்லும் எல்லை இது. ஒன்று என்னும் எண் வேறுபாடின்மையைக் குறிக்கும். வரம்பு ஒன்றைத் தொடவில்லை. எனினும் அதன் கீழெல்லை ஒன்றை ஒட்டியே நிற்கிறது. பத்தாயிரம் பேரில் தொடங்கிய பெரிய ஆராய்ச்சியில் இவ்வளவு அகன்ற வரம்பு எப்படி வந்தது? பலர் இடையிலே நீங்கினர். எஞ்சியவருள் பெண்கள் சிறுபகுதி, அவருள்ளும் ஐந்து மணிக்குள் உறங்குவோர் மிகச் சிறுபகுதி. பெரிய தலைப்பின் அடியில் சிறிய கூட்டம் நிற்பதை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அடிக்கடி காணலாம்.

ஆணுக்கில்லை, பெண்ணுக்கு உண்டு. அமெரிக்காவிலோ இரு பாலாருக்கும் உண்டு, முதியவருக்கு மட்டும் இல்லை. ஒரு கூட்டத்தைப் பலவாறு பிரித்துப் பார்க்கப் பார்க்க, எங்கேனும் ஒரு பிரிவில் வேறுபாடு தற்செயலாகவேனும் தலைகாட்டும். ஆனால் லண்டன் பெண்களின் கணக்கை அவ்வாறு முற்றும் தள்ளிவிடவும் இயலாது. உறக்கம் படிப்படியாகக் குறையக் குறைய நோயும் படிப்படியாக ஏறியது. தற்செயல் இவ்வளவு ஒழுங்காக நடப்பது அரிது. அமெரிக்க முதியவர் விஷயத்திலும் ஒரு விளக்கம் உண்டு. உறக்கக் குறைவால் நோயுறக்கூடியவர்கள் முதுமைக்கு முன்பே நோயுற்று, கணக்குக்கு வெளியே போயிருக்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது காலவரிசை. ஒரே நாளில் இரண்டையும் கேட்டால், உறக்கக் குறைவு நோயைத் தந்ததா, நோயும் அதற்கு உண்ணும் மருந்தும் உறக்கத்தைக் கெடுத்தனவா என்று சொல்ல முடியாது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்த இரண்டாம் கணக்குக்கே இதனால் மதிப்பு அதிகம். அந்தக் கணக்கில் என்ன நடந்தது?

வயதையும் பதவி நிலையையும் மட்டும் சமன் செய்தபோது, ஐந்து மணி உறக்கத்துப் பெண்களுக்கு 1.94 மடங்கும், ஆறு மணி உறக்கத்துப் பெண்களுக்கு 1.56 மடங்கும் வந்தன. இரண்டு வரம்புகளும் ஒன்றுக்கு மேலேயே நின்றன. பிறகு குடி, புகை, உடலுழைப்பு, உடற்பருமன், மனச்சோர்வு, தூக்க மருந்து ஆகியவற்றையும் சமன் செய்தார்கள். 1.94 என்பது 1.31 ஆயிற்று, வரம்பு 0.65 முதல் 2.63 வரை. 1.56 என்பது 1.42 ஆயிற்று, வரம்பு 0.94 முதல் 2.16 வரை. இரண்டும் ஒன்றைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டன. ஐந்து மணி உறங்கியவரைக் காட்டிலும் ஆறு மணி உறங்கியவருக்கு எண் பெரிதாக நிற்பதையும் பாருங்கள். முதற்கணக்கில் கண்ட படிவரிசை இங்கே குலைந்துவிட்டது.

“அப்படியானால் தொடர்பு இல்லை என்று தெரிந்துவிட்டதல்லவா?” என்று கேட்கலாம். இங்கேதான் அவசரம் கூடாது. சமன் செய்தல் என்னும் இந்தச் செயல் இருவேறு பொருள் தரக்கூடியது.

கோடையில் நுங்கு விற்பனை மிகும், வேர்க்குருவும் மிகும். இரண்டையும் வைத்துக்கொண்டு நுங்கு தின்பதால் வேர்க்குரு வருகிறது என்பான் ஒருவன். வெயிலைக் கணக்கிலெடுத்து, ஒரே அளவு வெயில் காய்ந்த நாட்களை மட்டும் தம்முள் ஒப்பிட்டால் அவனுடைய தொடர்பு மறைந்துபோகும். இங்கே சமன் செய்தது பொய்யை நீக்கிற்று. மற்றொன்றைப் பாருங்கள். குடகு மலையில் பெய்யும் மழைக்கும் தஞ்சை வயலில் விளையும் நெல்லுக்கும் தொடர்புண்டா என்று ஒருவன் ஆராய்கிறான். “காவிரியில் வந்த தண்ணீரைச் சமன் செய்கிறேன்” என்று சொல்லி, ஒரே அளவு தண்ணீர் வந்த ஆண்டுகளை மட்டும் ஒப்பிடுகிறான். குடகின் மழையால் பயனில்லை என்றே அவனுக்கு விடை வரும். மழை எந்த வழியாக வயலுக்கு வந்ததோ அந்த ஆற்றையே அவன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டான்! இங்கே சமன் செய்தது மெய்யை நீக்கிற்று.

உடற்பருமன் இவ்விரண்டில் வெயிலா, காவிரியா? பருமனானவருக்கு உறக்கம் கெடுவதும் உண்டு, அழுத்தம் உயர்வதும் உண்டு. அவ்வாறாயின் அது வெயில். உறக்கம் குறைந்தவருக்குப் பசி மிகுந்து, அதனால் உடல் பருத்து, அதனால் அழுத்தம் உயருமாயின் அது காவிரி. 2004-இல் சிக்காகோவில் நலமுள்ள பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். பத்து மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிடுகையில், பசியைத் தூண்டும் சுரப்புநீர் 28 விழுக்காடு கூடிற்று. பசியை அடக்கும் சுரப்புநீர் 18 விழுக்காடு குறைந்தது. பன்னிரண்டு பேர், இரண்டே இரவு. மிகச் சிறிய சோதனைதான். எனினும் காவிரி என்று கொள்ள அது இடந்தருகிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பருமனையும் நீரிழிவையும் இடைவழி என்றே கொண்டனர். அவற்றைச் சமன் செய்தபோது எண் ஓரளவு குறைந்ததைத் தம் கருத்துக்கு ஆதரவாகவே எடுத்துக்கொண்டனர். லண்டன் கணக்கிலோ வெயிலும் காவிரியும் ஒரே பட்டியலில் சேர்ந்து நிற்கின்றன. மனச்சோர்வும் இத்தகையதே, உறக்கத்தைக் கெடுப்பதும் அது, உறக்கக் கேட்டால் விளைவதும் அது. ஆகவே அந்த 1.31 என்னும் எண்ணை, தொடர்பில்லை என்பதற்குச் சான்றாக நான் கொள்ளமாட்டேன். தொடர்பு உண்டு என்பதற்கும் அது சான்றாகாது. வரம்பு 0.65 வரை இறங்கி 2.63 வரை ஏறுகிறதென்றால், அந்தக் கூட்டம் இக்கேள்விக்கு விடையளிக்கப் போதிய அளவு பெரிதன்று என்பதே நேர்மையான பொருள்.

நிற்க. அழுத்தத்தை அளக்க அவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டவர்கள் உறக்கத்தை எப்படி அளந்தார்கள்? ஒரே ஒரு கேள்வி. வேலை நாட்களில் இரவு சராசரி எத்தனை மணி உறங்குகிறீர்கள்? ஐந்தும் அதற்குக் குறைவும், ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதும் அதற்கு மேலும். இவற்றில் ஒன்றுக்குக் குறியிட வேண்டும். அவ்வளவே. மனிதர் படுக்கையில் கிடந்த நேரத்தை அறிவர்; உறங்கிய நேரத்தை எங்ஙனம் அறிவர்? சிக்காகோவில் 669 பேருக்கு மணிக்கட்டில் கடிகாரம் போன்ற கருவியைக் கட்டி, அசைவைக் கொண்டு உறக்கத்தை அளந்து, அவர்கள் வாய்ச்சொல்லோடு ஒப்பிட்டார்கள். 2008-இல் வெளிவந்த அந்த முடிவின்படி, மெய்யாக ஐந்து மணி உறங்கியவர் தம் உறக்கத்தைச் சராசரி 1.2 மணி கூட்டிச் சொன்னார். ஏழு மணி உறங்கியவர் 0.4 மணி மட்டுமே கூட்டிச் சொன்னார். ஆகவே, கேள்வித்தாளில் “ஆறு” என்று குறியிட்டவருள் மெய்யான ஐந்து மணிக்காரர் பலர் ஒளிந்திருக்கக்கூடும்.

நேரத்தை மட்டும் கேட்டால் உறக்கத்தின் தன்மையும் தெரியாது. குறட்டை விட்டு, உறக்கத்தினிடையே பலமுறை மூச்சுத் தடைப்படும் நோய் ஒன்று உண்டு. அந்நோயுடையவர் எட்டு மணி படுத்திருப்பார். மணிக்கு மணி பலமுறை மூச்சு நின்று நின்று வரும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 709 பேரை ஓர் இரவு ஆய்வுக்கூடத்திலேயே உறங்கவைத்து அளந்து, நான்காண்டு கழித்துப் பார்த்த ஆராய்ச்சி 2000-இல் வெளிவந்தது. மணிக்குப் பதினைந்து முறையோ அதற்கு மேலோ மூச்சு தடைப்பட்டவர்களின் இரத்தக் கொதிப்பு வாய்ப்பு, தடையே இல்லாதவர்களைப் போல் 2.89 மடங்கு. அவர்களை லண்டன் கேள்வித்தாள் “எட்டு மணி” வரிசையில் அமர்த்திவிடும்.

மணிக்கட்டுக் கருவியைக் கொண்டே பின்னர் அழுத்தமும் ஆராயப்பட்டது. 2009-இல் வெளிவந்த அந்தச் சிக்காகோ ஆராய்ச்சியில் 578 பேர். 33 முதல் 45 வயதினர். ஐந்தாண்டுக் காலத்தில், உறக்கம் ஒரு மணி குறைவதற்கு நோய் வாய்ப்பு 37 விழுக்காடு கூடியது. குறட்டை, பகல் தூக்கம் உட்படப் பதினாறு பொருள்களைச் சமன் செய்தபோதும், உறக்கத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு சிறிதே தளர்ந்தது. கூட்டம் சிறியது, அளவு நேரியது, லண்டனில் நேர்மாறு. எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது.

அதே ஆராய்ச்சியில் மற்றொரு செய்தியும் இருந்தது. கறுப்பின ஆண்களின் கீழெண் அழுத்தம் வெள்ளையின ஆண்களைவிட அதிகமாக ஏறிவந்தது. அவ்வேறுபாட்டின் ஒரு பகுதி, அவர்களிடையே உள்ள உறக்க வேறுபாட்டின் வழியாக வந்ததென்று கணக்குக் காட்டிற்று. இங்கே வைட்ஹாலின் பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. அங்கே கடைநிலை ஊழியருக்கு இதயநோய் மிகுதியாயிருந்தது. லண்டன் உறக்க ஆராய்ச்சியோ பதவி நிலையை முதலிலேயே சமன் செய்துவிட்டது. இதில் முறைகேடு ஒன்றுமில்லை. உறக்கத்தின் தனிப்பங்கை அறிய அதுவே வழி. ஆயினும் ஒருவனுக்கு எத்தனை மணி உறக்கம் கிடைக்கிறது என்பது அவன் விருப்பத்தைப் பொறுத்தது மட்டுமன்று. வேலை முறையும், வீட்டின் நெருக்கமும், போக வேண்டிய தொலைவும், கைக்குழந்தையும் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. “நன்றாக உறங்குங்கள்” என்னும் அறிவுரை, உறங்க இடமும் பொழுதும் உள்ளவருக்கே பயன்படும்.

தொடர்பு மெய்யே என்று கொண்டாலும், உறக்கத்தைக் கூட்டினால் அழுத்தம் இறங்குமா என்பது தனிக் கேள்வி. அதற்குச் சோதனை செய்துதான் பார்க்க வேண்டும். 2013-இல் வெளிவந்த ஒரு முன்னோட்டச் சோதனையில், அழுத்தம் சற்று உயர்ந்தும் உறக்கம் குறைந்தும் இருந்த 22 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஆறு வாரம் நாளுக்கு ஒரு மணி கூடுதலாகப் படுக்க முயன்றனர். மற்றவர் வழக்கம்போல் இருந்தனர். கூடுதலாக உறங்கியவர்களின் மேலெண் சராசரி 14 புள்ளி இறங்கிற்று. இம்மட்டில் கேட்டால் பெருவெற்றி. ஆனால் வழக்கம்போல் இருந்தவர்களுக்கும் அழுத்தம் இறங்கியிருந்தது. இரு பிரிவுகளுக்கும் இடையே உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாம் பிரிவு ஒன்று இல்லாதிருந்தால், அந்தப் பதினான்கு புள்ளியும் உறக்கத்தின் பெயரிலேயே வரவு வைக்கப்பட்டிருக்கும்.

2022-ஆம் ஆண்டில் அமெரிக்க இதயநோய்ச் சங்கம், இதயத்தைக் காக்க அதுவரை தான் கூறிவந்த ஏழு கட்டளைகளோடு உறக்கத்தை எட்டாவதாகச் சேர்த்தது. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டு. ஏழு மணி முதல் ஒன்பது மணிக்குள் உறங்கும் பெரியவருக்கு முழு நூறு. இரத்த அழுத்தத்துக்கான மதிப்பெண்ணைக் கருவியால் அளந்து இடுகிறார்கள். உறக்கத்துக்கான மதிப்பெண்ணுக்கு, இரவில் எத்தனை மணி உறங்குகிறீர்கள் என்று அவரவரையே கேட்டுக்கொள்கிறார்கள்.